வீட்டிலிருந்தே வேலையும் படிப்பும்: கவனம் சிதறாமல் உட்காரப் பழகுவது எப்படி?

காலை 9:40. லேப்டாப்பில் ஒரு இரும்புக்கடையின் கொள்முதல் கணக்கு திறந்திருக்கிறது. நாலாவது பில்லைப் பதிவதற்குள் குக்கர் விசில். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தால் வாசலில் கீரைக்காரம்மா. கீரையை வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்ததும், எதற்கென்றே தெரியாமல் கை போனை எடுக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் மணி 10:25. நாலாவது பில் அப்படியே கிடக்கிறது.

நான் திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். கூடவே டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கும் படிக்கிறேன். அத்தை, கணவர், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் என்று எல்லாரும் இருக்கிற வீடு. தனி அறை கிடையாது. ‘அமைதியான அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்’ என்று ஆரம்பிக்கும் குறிப்புகளைப் படித்துப் படித்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். இதற்கு வேண்டியது ஒரு பழைய நோட்டு, ஒரு அலாரம் கடிகாரம், ஒரு துண்டு. துண்டு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

படி 1: இரண்டு நாள் கணக்கு எழுதுங்கள்

முதல் இரண்டு நாள் எதையும் மாற்றாதீர்கள். வழக்கம்போல வேலை செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு முறை கவனம் போகும்போதும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: மணி, என்ன நடந்தது, யாரால். யாரால் என்பதற்கு ஒரே எழுத்து போதும். நானே என்றால் ‘நா’, வீட்டார் என்றால் ‘வீ’, வெளியாள் என்றால் ‘வெ’. என் முதல் நாள் பக்கத்திலிருந்து கொஞ்சம்:

9:41 குக்கர் – நா (நான்தானே வைத்தேன்)
9:48 கீரை – வெ
9:55 போன், காரணம் இல்லை – நா
10:31 இட்லி மாவு எங்கே – வீ
10:40 வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் – நா
10:52 சிலிண்டர் புக் பண்ண ஞாபகம் வந்தது – நா

ராத்திரி எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 14. அதில் ‘நா’ மட்டும் 8. அத்தையின் சீரியல் சத்தத்தால்தான் வேலை ஓடவில்லை என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சீரியல் பட்டியலில் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். உங்கள் நோட்டில் ‘வீ’ அதிகமாக இருந்தால் நேராகப் படி 3க்குப் போகலாம். ‘நா’ அதிகம் என்றால் அடுத்தது போன்தான்.

படி 2: போனைத் தள்ளி வையுங்கள்

சைலன்ட்டில் போட்டு மேசையிலேயே கவிழ்த்து வைப்பது எனக்குப் பலிக்கவில்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டு, தன் குழுவுடன் 2017இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். போனை மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட, அடுத்த அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள் கவனமும் நினைவாற்றலும் தேவைப்படும் சோதனைகளை நன்றாகச் செய்தார்கள் என்பது அதன் முடிவு. பின்னால் இதே மாதிரி சோதித்துப் பார்த்த எல்லாருக்கும் அதே விடை வரவில்லை. எனக்கு அந்த விவாதம் பெரிதில்லை. போன் சாமி அலமாரியில் இருந்தால், எடுக்க எழுந்து பன்னிரண்டு எட்டு நடக்க வேண்டும். ஆறாவது எட்டிலேயே ‘எதுக்குப் போறோம்?’ என்று தோன்றிவிடுகிறது.

சரி, அவசர அழைப்பு வந்தால்? ஆண்ட்ராய்டு போனில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போடும் இடத்தில், திரும்பத் திரும்ப அழைப்பவர்களை அனுமதிக்கும் வசதி இருக்கிறது. ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் மணி அடிக்கும். ஐபோனிலும் இது உண்டு, அங்கே 3 நிமிடம். வீட்டில் எல்லாரிடமும் ‘அவசரம்னா ரெண்டு தடவை கூப்பிடுங்க’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். மகனின் பள்ளியிலிருந்து வரும் அழைப்பைத் தவறவிடுவோமோ என்ற பயம் அதோடு போனது.

வாட்ஸ்அப் குழுக்களை ‘எப்போதும்’ என்று ம்யூட் செய்யுங்கள். 8 மணி நேரம், ஒரு வாரம் என்றும் அங்கே இருக்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த வாரம் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற பகுதியில் ‘ஃபோகஸ் மோட்’ இருக்கும். எந்தெந்த ஆப் தூங்க வேண்டும் என்று நீங்களே குறித்துவிடலாம்.

போன் இல்லாமல் வேலையே ஓடாதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வேலையும் அப்படித்தான். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ஓடிபி கடைக்காரரின் போனுக்குப் போகும், நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

“அண்ணாச்சி, ஓடிபி வந்துருக்கா?”

“கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன், கொஞ்சம் பொறும்மா.”

இப்படிக் காலையெல்லாம் விட்டுவிட்டு நடக்கும். இப்போது எல்லாக் கடைகளின் ஓடிபி வேலையையும் பகல் 12லிருந்து 1 மணிக்குள் போட்டுவிட்டேன். ‘நாளைக்கு பன்னெண்டு மணிக்கு கூப்பிடுவேன் அண்ணாச்சி, கண்ணாடிய பக்கத்துலயே வச்சுக்கோங்க’ என்று முந்தின நாளே செய்தி அனுப்பிவிடுகிறேன். போன் தேவைப்படும் வேலைகளை இப்படி ஒரே மணிக்குள் அடைக்க முடிகிறதா என்று நீங்களும் பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

படி 3: வீட்டாரிடம் முன்கூட்டியே பேசுங்கள்

‘தொந்தரவு பண்ணாதீங்க’ என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது, மனஸ்தாபம்தான் மிஞ்சும். மணியைச் சொல்லுங்கள். நான் அத்தையிடம், “பத்து மணியிலேர்ந்து பத்தே முக்கால் வரைக்கும் நான் வெளிய போயிருக்கேன்னு நினைச்சுக்கோங்க அத்தை” என்றேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: “வெளிய போறவ இட்லி மாவு எங்க இருக்குன்னு சொல்லிட்டுப் போவாளே.”

நியாயம்தான். அன்றிலிருந்து உட்காருவதற்கு முன் ஐந்து நிமிடம் வீட்டை ஒரு சுற்று வருகிறேன். மாவு வெளியே எடுத்து வைத்தாச்சா, கொரியருக்குக் காசு டப்பாவில் இருக்கிறதா, மாத்திரை போட்டாச்சா, தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கிறதா. அடுப்பில் எதையும் வைத்துவிட்டு உட்காருவதே இல்லை. இந்த ஐந்து நிமிடம் ‘வீ’ வரிகளில் பாதியைத் தின்றுவிட்டது.

இப்போது துண்டு. சிறுபிள்ளைகளுக்குப் பத்தே முக்கால் என்றால் தெரியாது. விடுமுறை நாட்களில் என் நாற்காலியின் முதுகில் சிவப்புத் துண்டு கிடந்தால் அம்மா வேலையில் இருக்கிறாள் என்று மகனோடு பேசி வைத்திருக்கிறேன். ரத்தம், நெருப்பு, பொங்கும் பால், இந்த மூன்றுக்கு மட்டும் கூப்பிடலாம். துண்டை எடுத்ததும் ஐந்து நிமிடம் அவன் சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும், அதுதான் ஒப்பந்தம். நடுவில் ஒருமுறை ஏமாற்றினேன். அடுத்த இரண்டு நாள் துண்டுக்கு மரியாதையே இல்லை.

படி 4: இடம்

எங்கே தூங்குகிறீர்களோ அங்கே படிக்காதீர்கள். டைனிங் டேபிளின் ஒரு மூலை, சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி, அது போதும்.

படி 5: கடிகாரம் வைத்து உட்காருங்கள்

1980களின் கடைசியில் இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், படிப்பில் மனம் நிற்காமல், தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துப் படிக்கத் தொடங்கினார். அந்த முறைக்குப் பொமொடோரோ என்றே பெயர் வந்துவிட்டது. இத்தாலிய மொழியில் தக்காளி என்று அர்த்தம். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நாலு சுற்று முடிந்ததும் நீண்ட ஓய்வு.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 25கூட அதிகம் என்பது என் எண்ணம். முதல் வாரம் 15 நிமிடம் வையுங்கள். அலாரம் போனில் வேண்டாம். அதை அணைக்கப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஓய்விலும் போன் வேண்டாம். துணி காயப் போடுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் 25லேயே நின்றுவிடக் கூடாது. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளுக்கு 3 மணி நேரம் தொடர்ந்து உட்கார வேண்டும். ஐந்து நிமிட ஓய்வெல்லாம் அங்கே கிடைக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி 50, 90 என்று ஏற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 9:30 முதல் 12:30 வரை ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள். நான் முதல் தடவை ஒன்றே கால் மணியில் எழுந்து தோசை சுடப் போய்விட்டேன்.

படி 6: எழுந்திருக்குமுன் ஒரு வரி

எல்லாம் செய்தும் யாராவது கூப்பிடத்தான் செய்வார்கள். எழுந்து போவதைவிடத் திரும்பி வருவதுதான் கடினம். முடிக்காமல் விட்ட வேலையில் மனதின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். எங்கே நிறுத்தினோம், திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்று சட்டென்று குறித்துவிட்டுப் போனால் அந்த ஒட்டுதல் குறைகிறது என்று, தெரசா குளோம்ப் என்ற இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து பிறகு செய்த ஆய்வில் காட்டினார்.

நான் ஒரு சீட்டில் குறித்து வைப்பது இவ்வளவுதான்: ‘பில் 4, வரி 18 சதவீதமா பார். பிறகு 5.’ காலிங் பெல் அடித்தாலும் இதை எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன், பத்து வினாடி ஆகும். அதேபோல, வேலை நடுவே ஞாபகம் வரும் சிலிண்டர், கரன்ட் பில், தங்கச்சி பிறந்தநாள் எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போகும். உடனே செய்வதில்லை. ஓடிபி மணியில் போன் கையில் இருக்கும்போது அவற்றையும் முடித்துவிடுகிறேன்.

எதுவும் ஓடாத நாட்கள்

மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைகளுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி கடைசி நாள், வரிக் கணக்கின் சுருக்கமான 3பிக்கு 20ஆம் தேதி. இந்த இரண்டு நாளும், அதற்கு முந்தின நாளும் நான் படிப்பதே இல்லை. காலண்டரில் முன்பே அடித்துவிட்டேன். முன்பெல்லாம் அந்த நாட்களில் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, வேலையும் ஓடாமல் படிப்பும் ஓடாமல் ராத்திரி எரிச்சலோடு படுப்பேன். உங்கள் வேலையிலும் அப்படிச் சில தேதிகள் இருக்கும். மே மாத விடுமுறைக்கு வேறு ஏற்பாடு. மகன் எழுந்திருக்குமுன் காலை 5 முதல் 6:30 வரை, அவ்வளவுதான் அன்றைய படிப்பு.

நாளைக்கே ஆறு படியையும் தொடங்க வேண்டாம். நோட்டை எடுத்து இரண்டு நாள் கணக்கை மட்டும் எழுதுங்கள். மூன்றாம் நாள் காலையில் அதைப் பார்த்துவிட்டுப் போனை எங்கே வைப்பது என்று முடிவு செய்யலாம்.