மேசன் லாட்ஜில் சேர அழைப்பு வந்தால்: தருமபுரி, கிருஷ்ணகிரி கிறிஸ்தவர்கள் முடிவெடுக்கும் முறை

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்று லாட்ஜ் எங்கே என்று கேட்டால் ரூம் வாடகைக்கு விடும் இடத்தைத்தான் காட்டுவார்கள். ஓசூர் கம்பெனி மேலாளரோ, கிரானைட் வியாபாரத்தில் பழக்கமான ஒருவரோ "எங்க லாட்ஜுக்கு வாங்க, எல்லாம் நல்ல மனுஷங்க, நானே சேர்த்துவிடறேன்" என்றால் அது வேறு லாட்ஜ். ஃப்ரீமேசன் சங்கத்தின் கிளை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் இதற்கு என்ன பதில் சொல்வது?

என்ன பதில் என்பதைவிட எப்போது என்பது முக்கியம். சேர்க்கைச் சடங்கு நடக்கும் நாளுக்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். அன்று கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு, முழங்காலிட வைத்து, சபத வாசகத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துத் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். அடுத்த துண்டில் என்ன வரும் என்று தெரியாமலே வாய் அதைச் சொல்லிவிடும். அந்த நிலையில் நிறுத்தி யோசிக்க யாராலும் முடியாது.

முதலில் அமைப்பைச் சரியாக அடையாளம் காணுங்கள். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களோடு இதைக் குழப்புகிறவர்கள் நிறைய. அவற்றில் ரகசியச் சபதமோ படிப்படியான சடங்கோ இல்லை. அங்கே உறுப்பினராக இருப்பதில் இந்தச் சிக்கல் எழாது. ஃப்ரீமேசன் பெரிய லாட்ஜ், அதாவது கிளை லாட்ஜுகளை ஆளும் தலைமை அமைப்பு, 1717-இல் லண்டனில் உருவானது. இந்தியப் பெரிய லாட்ஜ் தனி அமைப்பானது 1961-இல். சென்னையில் எழும்பூரில் அவர்களுக்குப் பெரிய மண்டபம் இருக்கிறது. பெயருக்கு ஏற்ப எல்லாமே கொத்தனார் வேலையின் அடையாளங்கள்: மூலைமட்டம், கவராயம், ரசமட்டம், தூக்குக்குண்டு. ஆண்களை மட்டுமே சேர்ப்பார்கள். கடவுள் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும், எந்தக் கடவுள் என்று கேட்கமாட்டார்கள். மூன்று படிகள் உண்டு. அதற்கு மேல் ராயல் ஆர்ச் போன்ற தனிக் குழுக்கள்.

"இலுமினாட்டியில் சேர்ந்தால் கோடி ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் வந்து பதிவுக் கட்டணம் கேட்டால் அது ஃப்ரீமேசனும் அல்ல, இலுமினாட்டியும் அல்ல. அது பண மோசடி. கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

அடுத்து, கையில் இருக்கும் பொய்களை ஒதுக்குங்கள். இந்த இடத்தில்தான் நம் ஜெபக்கூட்டங்கள் அதிகம் வழுக்குகின்றன. "அமெரிக்க மேசன் தலைவர் ஆல்பர்ட் பைக் லூசிஃபரே கடவுள் என்று எழுதினார்" என்று ஒரு மேற்கோள் சுற்றுகிறது. அதன் வேர் லியோ டாக்சில் என்ற பிரெஞ்சுக்காரரின் புரட்டு. பல வருடம் கத்தோலிக்கர்களையே ஏமாற்றிவிட்டு, 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் மேடையேறி எல்லாம் தன் கற்பனை என்று அவரே அறிவித்தார். பவேரியாவில் 1776-இல் தொடங்கிய இலுமினாட்டி சங்கம் 1785-க்குள் அரசுத் தடையில் முடங்கியது. இந்தக் கதைகளை நம்பி மறுத்தால், அழைத்தவர் அவற்றைப் பொய் என்று இரண்டு நிமிடத்தில் நிரூபித்துவிடுவார்; மறுப்புக்கு வேறு காரணம் இல்லாததால் சேர்ந்துவிடுவீர்கள். உண்மையான காரணங்களே போதுமானவை. கற்பனை தேவையில்லை.

உங்கள் சபை என்ன சொல்கிறது என்பதைப் பாருங்கள். கத்தோலிக்கருக்கு, கோவிலூர் ஆனாலும் எலத்தகிரி ஆனாலும், கதவு சாத்தப்பட்டது. 1738-இல் பன்னிரண்டாம் கிளமெண்ட் பாப்பரசர் முதல் தடை விதித்தார். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சேர்கிறவரைச் சபைக்குப் புறம்பாக்கியது. 1983-இல் வந்த புதிய சட்டத்தின் 1374-ஆம் விதியில் மேசன் என்ற பெயர் இல்லை. "பெயரை எடுத்துட்டாங்க, இப்போ அனுமதி உண்டு" என்று லாட்ஜ்காரர் காட்டுவது இதைத்தான். தடை தளர்ந்துவிட்டது என்று சொல்லி, 1974-இல் ரோமிலிருந்து வந்த ஒரு கடிதத்தையும் சிலர் நீட்டுவார்கள். இரண்டுக்கும் பதில் 1983 நவம்பர் 26 தேதியிட்ட அறிவிப்பில் உள்ளது. பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசரான கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்டது. திருச்சபையின் தீர்ப்பு மாறவில்லை, சேர்பவர்கள் கனமான பாவத்தில் இருக்கிறார்கள், நற்கருணை வாங்கக் கூடாது, உள்ளூர் அதிகாரிகள் இதைத் தளர்த்தித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்கிறது அது. ஆகவே தருமபுரி மறைமாவட்டத்தில் தெரிந்த சாமியார் ஒருவர் "பரவாயில்லை" என்று சொன்னாலும் அது செல்லாது. பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவரின் கேள்விக்கு 2023 நவம்பரில் ரோம் தந்த பதிலும் இதையே திரும்பச் சொன்னது.

சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையாருக்கு இப்படி ஒரே வரியில் முடியாது. 1723-இல் மேசன்களின் முதல் விதிநூலைத் தொகுத்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகர். கேண்டர்பரி பேராயராக இருந்த ஜெஃப்ரி ஃபிஷரும் மேசன்தான். இதை மறைத்து வாதாடக் கூடாது. அதேசமயம் சி.எஸ்.ஐ.யின் தாய்ச்சபைகளே பிறகு மறுயோசனைக்கு வந்தன. பிரிட்டன் மெதடிஸ்ட் சபை 1985-இல் தன் மக்களைச் சேர வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1987-இல் இங்கிலாந்துச் சபையின் பொதுப்பேரவை, ஃப்ரீமேசனும் கிறிஸ்தவமும் ஒத்துப்போகுமா என்பதில் அடிப்படையான சந்தேகங்கள் உண்டு என்ற அறிக்கையைப் பெரும்பான்மையோடு ஏற்றது. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்டுகள் 1993-இல், பல போதனைகள் ஒவ்வாதவை என்று எழுதிவிட்டு, முடிவை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டார்கள். உங்கள் போதகரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல், கடிதம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மனச்சாட்சிக்கு விடப்பட்டவர் எதை வைத்து அளப்பது? எங்கள் கணிப்பில் முடிச்சுகள் மூன்று. நேர்மையாக அவிழ்த்துப் பார்த்தால் லாட்ஜும் விசுவாசமும் சேர்ந்து நிற்காது.

ஒன்று, சபதம். "உங்கள் பேச்சு உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்பது மத்தேயு 5:37. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல எடுக்கும் உறுதிமொழி, என்ன சொல்லப்போகிறோம் என்று தெரிந்து எடுப்பது. லாட்ஜில் காக்கப்போகும் ரகசியம் என்ன என்றே தெரியாமல் கடவுள் பெயரால் கட்டுப்படுகிறோம். தொண்டையை அறுப்பது போன்ற பழைய தண்டனை வாசகங்களை இங்கிலாந்துப் பெரிய லாட்ஜ் 1986-இல் சபதத்திலிருந்து எடுத்துவிட்டது. எடுத்தபிறகும் தெரியாததற்குச் சபதம் என்ற குறை அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு, ஜெபம். இதுவே எல்லாவற்றிலும் கனமானது. லாட்ஜில் ஜெபம் உண்டு, ஆனால் இயேசுவின் பெயரால் கிடையாது. பேரண்டத்தின் மகா சிற்பி என்ற பொதுப்பெயரில் நடக்கும். இந்திய லாட்ஜுகளில் பைபிளோடு கீதை, குரான் போன்ற வேத நூல்களும் மேசையில் சமமாக வைக்கப்படும். பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் சகோதரர்களோடு சேர்ந்து ஊர் வேலை செய்வது நம் ஊரின் அழகு. அதில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் எங்கே என்றால், "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று அறிக்கையிடும் ஒருவர், அந்தப் பெயரை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே முழங்காலிடுவதில். அந்த நேரத்தில் அவர் யாரிடம் ஜெபிக்கிறார்? இதற்கு ஒரு பதில் உங்களிடம் இல்லையென்றால் மேலே போக வேண்டாம்.

மூன்று, மூன்றாம் படியின் கதை. சாலொமோன் ஆலயத்தைக் கட்டிய ஈராம் என்ற சிற்பி ரகசியத்தைக் காட்டிக்கொடுக்க மறுத்துக் கொல்லப்படுவதாகவும், சேர்கிறவரே அவராக நடித்து விழுந்து எழுப்பப்படுவதாகவும் சடங்கு. வேதத்தைத் திறந்து ஒப்பிடுங்கள்: 1 இராஜாக்கள் 7:13 முதல் 45 வரை, கத்தோலிக்கப் பதிப்பில் 1 அரசர்கள். விதவையின் மகன் ஈராம் அங்கே வெண்கல வேலைக்காரர். யாகீன், போவாஸ் தூண்களைச் செய்தார், வேலையை முடித்தார். கொலையும் இல்லை, எழுப்புதலும் இல்லை. சாவிலிருந்து எழும்புதலைக் கிறிஸ்து இல்லாமல் நடித்துக் காட்டும் ஒரு சடங்கு, ஈஸ்டர் கொண்டாடுகிறவருக்கு எதற்கு?

இன்னும் சந்தேகம் இருந்தால் அழைத்தவரிடமே கேளுங்கள்: எந்தப் பெரிய லாட்ஜின் கீழ் வருகிறது, எந்தச் சடங்குமுறை, சபத வாசகத்தை முன்கூட்டி எழுத்தில் தருவார்களா, நான் இயேசுவின் பெயரால் உரக்க ஜெபிக்கலாமா. கடைசி இரண்டு கேள்விகளுக்கு வரும் பதிலிலேயே முடிவு தெரிந்துவிடும். "சேர்ந்தபிறகு புரியும்" என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து லாட்ஜுகள் பெரிதும் பின்பற்றும் எமுலேஷன் சடங்குமுறை 1969 முதல் அச்சில் கிடைக்கிறது. அடையாளச் சொற்கள் மட்டும் அதில் மறைக்கப்பட்டிருக்கும், ஜெபங்களை முழுதாகப் படிக்கலாம்.

மறுக்கும்போது சுருக்கமாகப் பேசுங்கள். வேத வசனத்தால் அடிக்க வேண்டாம். அவர் நல்ல எண்ணத்தில்தான் கூப்பிட்டிருப்பார். "அண்ணே, என்னை நம்பிக் கூப்பிட்டதுக்கு நன்றி. எங்க விசுவாசத்துல இது ஒத்துவராது. கண் முகாம், ரத்த தானம்னா சொல்லுங்க, மொதல் ஆளா வந்து நிக்கறேன்." இவ்வளவு போதும். "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு உங்கள் பெயரை முன்மொழிந்துவிடுவார்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர் பயப்பட வேண்டியதில்லை. சபதம் கட்டிப்போட்டுவிட்டதே என்பவருக்கு லேவியராகமம் 5:4, 5 பதில் தருகிறது: யோசியாமல் செய்த ஆணையை அறிக்கையிட்டு விட்டுவிட வழி உண்டு. தன் ஆணையைக் காப்பாற்றப்போய் யோவானின் தலையை வெட்டிய ஏரோதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜ் செயலாளருக்கு எழுத்தில் விலகல் கடிதம் கொடுங்கள். "என் கிறிஸ்தவ விசுவாசத்தின் காரணமாக இன்றைய தேதியிலிருந்து உறுப்பினர் நிலையிலிருந்து விலகுகிறேன். நிலுவைச் சந்தா இருந்தால் தெரிவிக்கவும். விலகலை ஏற்றுக்கொண்டதை எழுத்தில் உறுதிசெய்யவும்." ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சந்தா கட்டாமல் விட்டால் தானாகப் பெயர் போய்விடும் என்று சும்மா இருக்காதீர்கள். அது பாக்கிக்காக நீக்கமே தவிர, விலகல் அல்ல. ராயல் ஆர்ச் போன்ற குழுக்களில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம் வேண்டும். கத்தோலிக்கர் கடிதம் அனுப்பியபின் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம். விலகும் உறுதியோடு வருகிறவருக்குப் பங்குச் சாமியாரே பாவமன்னிப்பு அளிக்கலாம், ரோம் வரை போகத் தேவையில்லை. லாட்ஜின் கைகுலுக்கலையும் சொற்களையும் அங்கே விவரிக்க வேண்டியதும் இல்லை.

வீட்டிலும் சொல்லிவையுங்கள். நீங்கள் இறந்த பிறகு பழைய சகோதரர்கள் அன்போடு வந்து லாட்ஜ் முறையில் அடக்கச் சடங்கு செய்யக் கேட்டால், மனைவி மக்களுக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்க வேண்டும்.