கடற்கரையிலிருந்து இமயம் செல்வோர் பனிச்சரிவை முன்னறியும் முறை

பாம்பனில் ஏற்றிய புயல் எச்சரிக்கைக் கூண்டு இறக்கப்பட்டு, மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிட்டால் கடலுக்குப் போகலாம் என்பது ராமநாதபுரம் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குப் பழகிப்போன கணக்கு. மண்டபம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து இமயமலைக்குக் குளிர்கால மலையேற்றம் செல்பவர்கள் முதலில் இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். பனிப்பொழிவு ஓய்ந்து வானம் தெளியும் முதல் நாள், மலையில் மிக ஆபத்தான நாட்களுள் ஒன்று. புதிதாக விழுந்த பனி பழைய பனியோடு ஒட்டிப் படிய ஓரிரு நாட்களாவது ஆகும். அடியில் சர்க்கரைபோல் உதிரும் வலுவற்ற அடுக்கு இருந்தால் அபாயம் வாரக்கணக்கில் நீடிக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது சரிவின் சாய்மானம். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் தொடங்குகின்றன. ஊன்றுகோலைச் சரிவின்மீது படுக்கவைத்து, அதன்மேல் கைப்பேசியை வைத்து, சாய்வு காட்டும் செயலியில் அளந்துகொள்ளலாம்; ஆனால் அளப்பதற்காகவே ஐயத்துக்குரிய சரிவில் ஏறக் கூடாது. தான் நிற்கும் இடம் சமதளமாக இருப்பதும் போதாது, ஏனெனில் மேலே உள்ள செங்குத்தான சரிவு உடைந்தால் அந்தப் பனி கீழே நிற்பவரிடம்தான் வந்து சேரும்.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவே பலர் கவனிக்கத் தவறுவது. கச்சான் காற்றுக் காலத்தில் தனுஷ்கோடியின் மணல்மேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காற்று அடிக்கும் பக்கத்து மணல் அரிக்கப்பட்டு, மறுபக்கத்தில் குவிந்து, ஓர் அளவுக்குமேல் தானே சரியும். மலைமுகட்டிலும் பனி அப்படியே மறைவுப் பக்கத்தில் குவிகிறது, வானிலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாக. வேறுபாடு என்னவென்றால், மணல் சிறிது சிறிதாக உதிரும். காற்று அடித்துக் கெட்டித்த பனியோ பாளமாக இறுகி நின்று, ஒருவர் கால் வைத்ததும் அகலமாக உடைந்து ஒட்டுமொத்தமாகக் கீழிறங்கும். ஆகவே, புதுப்பனி விழாத நாளிலும் பலத்த காற்று வீசியிருந்தால், முகட்டின் மறைவுப் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

காலடியில் ‘தொம்’மென்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, பாதத்திலிருந்து விரிசல் ஓடினாலோ, அருகே அண்மையில் சரிந்த தடம் தெரிந்தாலோ, அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை, வந்த வழியே திரும்புவதுதான் முறை. வெயில் ஏறி, பனி ஈரமாகிக் கனக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடியலுக்கு முன்பே புறப்பட்டு, நண்பகலுக்குள் சரிவுகளைக் கடந்துவிட வேண்டும்.

சண்டிகரில் உள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் ஜம்மு காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் பகுதிகளுக்குப் பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அபாய அளவுகோலில் ஐந்து நிலைகள் உண்டு. மூன்றாம் நிலையை ‘நடுத்தரம்தானே’ என்று எண்ணிவிடக் கூடாது. அந்த நிலையிலேயே ஒரு மனிதரின் எடை பாளத்தை உடைக்கக்கூடும்.

தவிர்க்கவே முடியாத சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைக் கண்காணிக்க வேண்டும். முழுமையாகப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. அரை மணி நேரத்தில் அது மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. வெளியிலிருந்து மீட்புப் படை அதற்குள் வந்து சேர்வது அரிது. எனவே 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பியும் பெற்றும் புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் பீக்கன் என்ற கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட துழாவுகோல், உலோக மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அவற்றைக் கையாளும் பயிற்சியும் வேண்டும்.

பயிற்சி மட்டுமே காப்பாற்றிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது, நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் பயிற்சிக் குழு. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆகவே பயண நிறுவனத்துக்கு முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பாதையில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் எங்கெங்கே உள்ளன, வழிகாட்டி எந்த முன்னறிவிப்பைப் பார்க்கிறார், பனி சரியில்லையென்று பாதி வழியில் திரும்பினால் பணம் என்னவாகும். மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.