இ-ரீடர் வாங்கலாமா? கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் மண்டபத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பொத்துவது, படகுக்கு வர்ணம் அடிப்பது என்று காலையில் அப்பாவுக்கு வேலை இருக்கும். மத்தியானத்துக்கு மேல் படகு நிழலில் உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிப்பார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்து வளர்ந்த காட்சி அது. கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. கண்ணாடி போட்டும் நாலைந்து பக்கத்துக்கு மேல் போக முடியாமல் வாசிப்பையே விட்டுவிட்டார்.

அவருக்காகத்தான் மின்புத்தகம் வாசிப்பதற்கென்றே செய்த கருவியான இ-ரீடர் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். இப்போது அது எங்கள் வீட்டில் மூன்று பேர் கையில் சுற்றுகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "காசுக்குப் பெறுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கதையும் கட்டுரையும் நிறைய வாசிக்கிறவருக்குக் கண்டிப்பாகப் பெறும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டுமே வாசிக்கிறவருக்குப் பெறாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் காசு கொடுக்கும் முன்பே வீட்டில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

படி 1: ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

ஒரு வாரம் நீங்கள் எதையெல்லாம் வாசித்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். செய்தித்தாள், அரசுத் தேர்வு கைடு, படமும் அட்டவணையும் நிறைந்த பாடப்புத்தகம் என்றே பட்டியல் போனால் இ-ரீடர் வேண்டாம். பெரும்பாலான ரீடர்களின் திரை ஆறேழு அங்குலம், கறுப்பு வெள்ளை. பாடப்புத்தகப் பக்கம் அதில் அடங்காது. அந்தப் பணத்துக்கு ஒரு டேப்லெட் வாங்கினால் பிள்ளைகளுக்கு உதவும். கதை, கட்டுரை, பழைய இலக்கியம் என்று பட்டியல் இருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: ஒரு மாதம் போனில் வாசியுங்கள்

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துக்குப் போய் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே புத்தகங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இபப் என்று மின்புத்தகத்துக்கான ஒரு கோப்பு வகை இருக்கும், அதை இறக்குங்கள். இபப் திறக்கும் இலவசச் செயலி ஏதாவது ஒன்றைப் போனில் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, தினமும் அரைமணி நேரம் வாசியுங்கள்.

மாதக் கடைசியில் எத்தனை புத்தகம் முடிந்தது என்று பாருங்கள். ஒன்றுமே முடியவில்லை என்றால் ஏன் நின்றது என்பதை யோசிக்க வேண்டும். நடுவில் மெசேஜ் வந்து கலைத்ததாலும், கண் கூசியதாலும் நின்றிருந்தால் அந்தக் குறையை இ-ரீடர் தீர்க்கும். வாசிக்கவே மனம் வரவில்லை என்றால் கருவி வாங்கி அலமாரியில் வைப்பதில் பயனில்லை, கொஞ்ச நாள் பொறுங்கள்.

ஒரு நாள் மத்தியானம் அந்தப் போனைக் கடற்கரைக்கு எடுத்துப் போங்கள். மேலே வெயில், கீழே வெள்ளை மணல், எதிரே தண்ணீர் பளபளக்கும். திரையில் உங்கள் முகம்தான் தெரியும், எழுத்து தெரியாது. வீட்டுக்குள் மட்டும் வாசிக்கிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை. வெளியில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு ரீடர் வாங்க இந்த ஒரு காரணமே போதும்.

படி 3: அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது

போன் திரை தானே வெளிச்சம் விடுவது. இ-ரீடரில் இருப்பது மின்மை (இ-இங்க்). முடியின் தடிமன் அளவில் லட்சக்கணக்கான பொடிக் குமிழ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கும். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்சாரம் கொடுக்கும்போது ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்த கறுப்புதான் எழுத்து. மேலே வந்தது அங்கேயே நிற்கும், நிறுத்தி வைக்க மின்சாரம் வேண்டாம். பக்கம் திருப்பும்போதுதான் செலவு. அதனால்தான் ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. வெளி வெளிச்சம் காகிதத்தில் பட்டுத் திரும்புவது போலத்தான் இதிலும் திரும்பும். வெயில் ஏற ஏற எழுத்து தெளியும்.

முதல் நாள் அப்பா கையில் கொடுத்தபோது பழக்கதோஷத்தில் நிழல் பக்கம் திருப்பிப் பிடித்தார். அப்புறம் மெல்ல வெயிலுக்கு நகர்த்திப் பார்த்துவிட்டு, "இதுக்கு வெயில்லதான் எழுத்து நல்லாத் தெரியுது" என்றார்.

குறையும் உண்டு. பக்கம் திரும்பும்போது திரை ஒரு கணம் இமைக்கும். முந்தைய பக்கத்தின் சாயல் சில சமயம் மங்கலாக நிற்கும். இரண்டும் ஒரு நாளில் பழகிவிடும்.

படி 4: உங்களுக்கு வேண்டிய புத்தகம் எந்தக் கோப்பில் இருக்கிறது?

பலரும் ஏமாந்து போகும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். தமிழ் மின்புத்தகங்கள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, தட்டச்சு செய்த எழுத்து. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து பிற்காலப் படைப்புகள் வரை தன்னார்வலர்களை வைத்துத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. இந்த வகையில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் தானே மடங்கி உட்காரும். ரீடருக்கு இதுதான் தோது. பழைய கோப்பு ஏதாவது திறந்ததும் புரியாத குறிகளாக வந்தால் அது ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய டிஸ்கி என்ற குறியேற்றமாக இருக்கலாம். அதே நூலின் ஒருங்குறிப் பதிப்பைத் தேடி இறக்குங்கள்.

இன்னொன்று, ஸ்கேன் பிரதி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய நூல்கள் ஏராளம். ஆனால் அவை பக்கத்தின் புகைப்படங்கள். முத்துக்குளித்தல் பற்றிய ஒரு பழைய நூலின் ஸ்கேனை அப்பாவுக்காக ஏற்றிப் பார்த்தேன். முழுப் பக்கமும் ஆறு அங்குலத்துக்குள் சுருங்கி எழுத்து எறும்பாகிவிட்டது. பெரிதாக்கினால் வரியின் வால் திரைக்கு வெளியே போகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு அது, பழைய லை, னை எல்லாம் கொம்பு வைத்து வரும். காகிதத்தின் தூசி எழுத்தின் தலையில் புள்ளி போல உட்கார்ந்திருந்தது. எது மெய்யெழுத்து, எது அழுக்கு என்று ஒவ்வொரு சொல்லிலும் நின்று பார்க்க வேண்டியிருந்தது. திரையை அகலவாட்டில் திருப்பினால் கொஞ்சம் தேவலை, பாதிப் பக்கம் பாதிப் பக்கமாக ஓட்டலாம். ஆராய்ச்சிக்காக இப்படி ஸ்கேன்களையே வாசிக்கிறவர் பத்து அங்குல டேப்லெட் வாங்குவதுதான் சரி.

படி 5: எந்த மாடல்?

சாதாரண மாடலை விடத் தண்ணீர் தாங்கும் மாடலுக்கு விலை கூடுதல். விலை அடிக்கடி மாறும், தள்ளுபடி நாளில் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் தமிழின் சுழியும் புள்ளியும் சிதறாமல் வரும். ராத்திரி வாசிக்கத் திரைவிளக்கு வேண்டும். 16 ஜிபி இடம் தாராளம்.

தண்ணீர் தாங்கும் என்ற விளம்பரத்தைக் கடற்கரைக்காரர்கள் முழுசாக வாசிக்க வேண்டும். அமேசானின் ரீடரான கிண்டில் பேப்பர்வொயிட்டுக்கு, தண்ணீர் தாங்குவதைக் குறிக்கும் ஐபிஎக்ஸ்8 தரம் உண்டு. நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் என்கிறது அதன் விவரக்குறிப்பு. கடல் தண்ணீரில் என்றால் கால் மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம்தான். வள்ளத்தில் கொண்டுபோக இதை நம்பாதீர்கள். அலைத்தெறிப்பு பட்டால் தப்பிக்கும், அவ்வளவுதான்.

படி 6: புத்தகம் ஏற்றுவது

கிண்டிலுக்குச் சொல்கிறேன். கருவியை ஆன் செய்து, போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் அமேசான் கணக்கில் நுழையுங்கள். கருவிக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாகும், அமைப்புகளில் அதைக் காணலாம். அடுத்து கணினியிலோ போனிலோ அமேசான் கணக்கின் கருவிகள் பகுதிக்குப் போய், தனிப்பட்ட ஆவணங்களுக்கான அமைப்பில் உங்கள் சொந்த மின்னஞ்சலை அனுமதி பெற்ற அனுப்புநராகச் சேருங்கள். இதை விட்டுவிட்டால் அனுப்பும் கோப்பு வந்து சேராது. அப்புறம் இபப் கோப்பை இணைத்து அந்த முகவரிக்கு அனுப்பினால் சில நிமிடங்களில் கருவியில் இறங்கும். 2022 முதல் இபப் கோப்பை இப்படி நேரடியாக அனுப்ப முடிகிறது. கோப்பு பெரியதாக இருந்தால் சென்ட் டு கிண்டில் வலைப்பக்கத்தில் 200 எம்பி வரை ஏற்றலாம்.

யூஎஸ்பி வயரில் இபப்பை அப்படியே நகல் எடுத்தால் கிண்டில் காட்டாது. காலிபர் என்ற இலவச மென்பொருளில் மாற்றி ஏற்ற வேண்டும். கோபோ, பாக்கெட்புக் போன்ற மற்ற ரீடர்கள் இபப்பை நேராகவே திறக்கும்.

விலைக்கு வாங்கும் மின்புத்தகம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அச்சுப் புத்தகத்தை வாசித்து முடித்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கலாம், ஊர் நூலகத்துக்குத் தரலாம். பூட்டுப் போட்டு விற்கும் மின்புத்தகம் உங்கள் கணக்கோடு கட்டுண்டது. அதனால் மிகவும் பிடித்த புத்தகங்களை இன்றைக்கும் நான் அச்சில்தான் வாங்குகிறேன்.

படி 7: உப்புக்காற்றிலிருந்து காப்பது

என் முதல் ரீடர் இரண்டாவது வருடமே சார்ஜ் ஏறாமல் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் சார்ஜ் துளைக்குள் பச்சைக் களிம்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும். அந்த ஈரத்தோடு மின்சாரம் பாயும்போது உலோகம் இன்னும் வேகமாக அரிக்கும். கடலை விட்டு வந்த கையோடு சார்ஜ் போடுவது என் வழக்கமாக இருந்தது, அதுதான் காரணம்.

இப்போது செய்வது இது. வெளியில் போகும்போது ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஓரங்களைத் துடைத்து, ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் காயவிட்ட பிறகுதான் சார்ஜ். கடல் தண்ணீரே பட்டுவிட்டால், தண்ணீர் தாங்கும் மாடலை நல்ல தண்ணீரில் அலசி, துளை கீழ்ப்பக்கம் பார்க்க நிறுத்தி, முழுசாகக் காயவிடுங்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் பறக்கும். மணலோடு துடைத்தால் திரை கீறிவிடும், முதலில் ஊதி உதறுங்கள்.

படி 8: பெரியவர்கள் கையில் கொடுக்கும் முன்

எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளியைக் கூட்டி, ஓர விளிம்பைக் குறைத்து, ஒரு புத்தகத்தைத் திறந்தே கொடுங்கள். அப்பாவுக்கு ஒரு திரையில் ஒன்பது வரிதான் வருகிறது, அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பக்கம் திருப்பத் திரையின் வலது பக்கம் தொட்டால் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன். தொட்டார், திரும்பவில்லை. மறுபடி தொட்டார், அப்போதும் இல்லை. நாற்பது வருடம் வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல் நுனி, காய்ந்த தோலைத் திரை உணரவில்லை. ஈரத்துணியில் விரலை ஒற்றிவிட்டு, நுனியால் குத்தாமல் விரலின் சதைப் பகுதியால் தொடச் சொன்னேன். பக்கம் திரும்பியது.