கோழிக்குப் பேர் வைக்க அவசரம் வேண்டாம்

தை மாதம் சம்பா அறுத்து நெல் களத்துக்கு வந்துவிட்டால் தெருக் கோழிகள் எல்லாம் அங்கேதான் மேயும். பொழுது சாயும்போது பஞ்சாரத்தில் அடைக்க, எது நம்முடையது என்று தெரிய வேண்டுமே! மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் ஒன்பது கோழிகள். ஒன்பதுக்கும் பேர் உண்டு.

21 நாளில் முட்டை பொரிந்ததுமே பிள்ளைகள் பேர் வைக்கத் துடிப்பார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். குஞ்சு மயிர் போய் இறகு முளைக்கும்போது நிறமே மாறிவிடும். இரண்டு மாதம் போனால் சேவலா பெட்டையா என்பதும் கொண்டையில் ஓரளவு தெரிந்துவிடும்.

செவலை, கருப்பி, புள்ளி என்று நிறத்தை வைத்துப் பேர் வைப்பது சுலபம். ஆனால் ஒரே ஈட்டில், அதாவது ஒரே தடவையில் பொரிந்த குஞ்சுகளில், இரண்டு செவலை வந்தால்? கொண்டையைப் பாருங்கள். எங்கள் பொன்னிக்குக் கொண்டையின் கடைசிப் பல் இரண்டாகப் பிளந்திருக்கும். காவேரிக்குக் கொண்டை முழுசும் இடப்பக்கம் சரிந்து கண்ணைத் தொடும். இறகு வருஷா வருஷம் உதிரும், கொண்டையின் அமைப்பு அவ்வளவாக மாறாது.

காலில் நூலோ ரப்பர் பேண்டோ கட்டவே கட்டாதீர்கள். கோழி வளர வளர அது சதையில் இறுகிப் புண்ணாகிவிடும், பாவம். பிளாஸ்டிக் கால் வளையம் போடுங்கள். அது தளர்வாகச் சுழல வேண்டும், கால் பருத்தால் மாற்ற வேண்டும்.

அப்புறம், பேர் சின்னதாக இருக்கட்டும். "பொன்னி, பா... பா..." என்று கூப்பிட்டு, வந்ததும் கையாலேயே குருணை கொடுங்கள். எங்கள் பொன்னி இப்போது வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தாலும் ஓடி வந்துவிடுகிறாள்.