சும்மா சும்மா ‘சுழியம்’ கத்திய ஆந்தை

மகளுக்கு எண் சொல்லித்தர அட்டைப்பெட்டியில் ஓர் ஆந்தை செய்தேன். உள்ளே ஆர்டுயினோ ஊனோ, அதாவது நாம் எழுதும் நிரலை ஓட்டும் ஒரு சின்ன மின்னணு போர்டு. கண்ணுக்கு எச்.சி-எஸ்.ஆர்04 (HC-SR04) மீயொலி சென்சார்; காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது. அதன் இரண்டு வட்டமும் பார்க்கவே ஆந்தை முழிதான். தலையாட்ட, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் ஒரு சின்ன சர்வோ மோட்டார். கையை நீட்டினால் எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லும்.

தலை ஆட்டும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகி, நிரல் முதலிலிருந்து ஓடியது. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டில் 5 வோல்ட் சரிந்துவிடுகிறது. மோட்டாருக்குத் தனியாக நான்கு ஏஏ பேட்டரி கொடுத்து, பேட்டரி, போர்டு இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) சேர்த்துக் கட்டினேன். அந்தச் சிக்கல் தீர்ந்தது.

அப்புறம்தான் நிஜத் தலைவலி. மகள் எதிரே உட்கார்ந்தால் நடுநடுவே ‘சுழியம்’ என்று கத்தும். வயரை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன், இரண்டு ராத்திரி போயிற்று. போர்டு அனுப்பும் அளவுகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் பார்த்தால் 34, 33, 0, 34, 0. அவள் பாவாடை மடிப்பு ஒலியை விழுங்கிவிடுகிறது. எதிரொலி குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், அந்த நேரத்தை அளக்கும் ஆர்டுயினோ கட்டளையான பல்ஸ்இன் (pulseIn) 0 தரும். ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்பதை என் நிரல் ‘மூக்கு முன்னால் இருக்கிறது’ என்று படித்திருக்கிறது!

முதலில் சராசரி எடுத்தேன். ஒரே ஒரு 0 எல்லாவற்றையும் கீழே இழுத்தது. சரி என்று, 2 செ.மீ.க்குக் கீழே வருவதைத் தள்ளிவிட்டு, 60 மில்லிவினாடி இடைவெளியில் ஐந்து அளவு எடுத்து, வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். கத்தல் நின்றது.

இப்போது துணிப் பொம்மையை எதிரே வைத்தால் ஆந்தை சில நேரம் வாயே திறக்காது. “அது தூங்குதுப்பா” என்கிறாள் மகள். நான் திருத்தவில்லை.