கர்ப்ப காலத்தில் வைட்டமின் டி: மாத்திரை அட்டையைப் படிப்பது முதல் வேளை பிரிப்பது வரை

வருடத்தில் பெரும்பகுதி வெயில் காயும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பது இயல்புதான். ஊரில் வெயில் அடிப்பது வேறு, அது உடம்பில் படுவது வேறு. புறஊதாக் கதிர்களில் ‘பி’ வகையைச் சேர்ந்தவை நேரடியாகத் தோலில் பட்டால்தான் அங்கே வைட்டமின் டியின் ஒரு வடிவமான டி3 உருவாகும். ஜன்னல் கண்ணாடியும் உடையும் அந்தக் கதிரைத் தடுத்துவிடும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் உள்ள மெலனின் என்னும் நிறமி அதில் கணிசமான பங்கை உறிஞ்சிக்கொள்ளும். பகல் முழுவதும் அலுவலகத்துக்குள் இருந்துவிட்டு விளக்கு வைத்த பிறகு வீடு திரும்பும் பெண்ணுக்கும், கருவுற்ற நாள் முதல் வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளப்படும் பெண்ணுக்கும் இந்தச் சத்து குறைந்திருப்பதில் வியப்பில்லை.

குறைபாட்டைச் சரிசெய்வது கடினமான காரியமன்று. ஆனால் அதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் கணக்குத் தவறுகள்: அலகை மாற்றிப் படிப்பது, வாரத்துக்கு ஒன்று என்று எழுதியதை நாளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்வது, ஒரே சத்தை மூன்று வெவ்வேறு மாத்திரைகளில் மூன்று முறை விழுங்குவது, இரும்புச் சத்து மாத்திரையோடு கால்சியத்தைச் சேர்த்துப் போட்டுக்கொள்வது. ஆகவே இந்த வழிகாட்டி அந்தக் கணக்கில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறது.

கர்ப்ப காலத்தில் இச்சத்து ஏன் கூடுதல் கவனம் பெறுகிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வைட்டமின் டியின் முதன்மையான வேலை, உணவில் உள்ள கால்சியத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்குள் கொண்டுவர உதவுவது. நிறைமாதக் குழந்தையின் எலும்புகளில் ஏறக்குறைய 30 கிராம் கால்சியம் சேர்ந்திருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து போய்ச் சேர்கிறது. குழந்தை தன் வைட்டமின் டி இருப்பையும் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்தே பெறுவதால், தாய்க்குக் கடுமையான குறைபாடு இருந்தால் குழந்தை பிறக்கும்போதே அந்தக் குறையோடுதான் பிறக்கும். அத்தகைய சில குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ ரத்தத்தில் கால்சியம் தாழ்ந்து வலிப்பு வருவதும், பின்னர் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோய் வருவதும் உண்டு. தாயைப் பொறுத்தவரை இடுப்பு, முதுகு, தொடை ஆகிய இடங்களில் ஓயாத வலி, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாமை, படி ஏறுவதில் சிரமம் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். கர்ப்பத்தில் இடுப்பு வலிப்பது சகஜம் என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லிவிடுவதால், இவை மருத்துவரின் காது வரை போவதே இல்லை, போக வேண்டும்.

பரிசோதனையைப் படிக்கும் முறை

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வைட்டமின் டி பரிசோதனை தேவையில்லை. தனியார் ஆய்வகங்களில் இதன் கட்டணம் குறைவானதும் அல்ல. மேலே சொன்ன அறிகுறிகள் உள்ளவர்கள், உடல் பருமன் மிகுந்தவர்கள், வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் போன்ற மருந்துகளையோ காசநோய்க்கு ரிஃபாம்பிசினையோ எடுத்துக்கொள்பவர்கள், கல்லீரல், சிறுநீரகம், குடல் ஆகியவற்றில் நாள்பட்ட நோய் உள்ளவர்கள், முந்தைய குழந்தைக்கு ரிக்கெட்ஸ் வந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் இதை எழுதித் தரலாம்.

செய்ய வேண்டிய பரிசோதனையின் பெயர் ‘25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி’. ‘1,25 டைஹைட்ராக்ஸி’ என்று ஏறக்குறைய அதே பெயரில் இன்னொன்று இருக்கிறது. கர்ப்ப காலத்தில் அதன் அளவு தானாகவே இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுவதால், சத்து இருப்பை அறிய அது உதவாது. முடிவு வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். இந்திய ஆய்வகங்கள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்று தருகின்றன. வேறு சில நாடுகளில் ஒரு லிட்டருக்கு எத்தனை நானோமோல் என்று தருவார்கள். முதல் எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் இரண்டாவது கிடைக்கும். 20 நானோகிராமும் 50 நானோமோலும் ஒரே அளவுதான். வெளிநாட்டில் பரிசோதித்துவிட்டுப் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வருபவர்கள் இதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

12 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் அது குறைபாடு என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. 20க்கு மேல் இருந்தால் எலும்புக்குப் போதும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2011இல் கூறியது. அதே ஆண்டில் எண்டோகிரைன் சொசைட்டி என்னும் மருத்துவர் அமைப்பு 30 வேண்டும் என்றது. 2024இல் வெளியிட்ட புதிய வழிகாட்டலில் அந்த 30ஐ அதுவே கைவிட்டுவிட்டது. ஆனால் நம்மூர் ஆய்வக அறிக்கைகள் பல இன்னும் 30ஐயே எல்லையாக வைத்திருப்பதால், 24 என்று வந்த எண்ணும் தடித்த எழுத்தில் அச்சாகிக் கலவரப்படுத்துகிறது. 24 வந்ததற்காக 60,000 யூனிட் (மருந்தில் வைட்டமின் டியை அளக்கும் அலகு) கொண்ட மருந்தைத் தேடி ஓட வேண்டியதில்லை.

எவ்வளவு தேவை

கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட், அதாவது 15 மைக்ரோகிராம், போதுமான அளவு. ஒரு மைக்ரோகிராம் என்பது 40 யூனிட். மேல்நாட்டு மாத்திரைகள் சிலவற்றில் மைக்ரோகிராம் மட்டுமே அச்சிட்டிருக்கும் என்பதால் இந்தப் பெருக்கல் தெரிந்திருப்பது நல்லது. மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் தாண்டக் கூடாத மேல் எல்லை ஒரு நாளைக்கு 4,000 யூனிட்.

இந்திய அரசின் திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் கால்சியம் மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி3யும் உண்டு. கர்ப்பத்தின் 14ஆம் வாரத்திலிருந்து நாளுக்கு இரண்டு, பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதங்கள் வரை நாளுக்கு இரண்டு என்பது கணக்கு. இரண்டையும் தவறாமல் எடுத்தால் 500 யூனிட் வந்துவிடுகிறது. அத்துடன் கொஞ்சம் உணவும் கொஞ்சம் வெயிலும் சேர்ந்தால் பெரும்பாலானோர்க்குத் தேவையான அளவு இலவசமாகவே நிறைவேறிவிடும். கிராம சுகாதார செவிலியர் கொடுத்துவிட்டுப் போன மாத்திரை அலமாரியில் கிடக்க, விலை கூடிய பெயரில் அதையே கடையில் வாங்குவது வீண் செலவு.

பரிசோதனையில் குறைபாடு உறுதியானால், நாளுக்கு 1,000 முதல் 2,000 யூனிட் வரை கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி கூறுகிறது. குறைபாடே இல்லாதவர்க்கும் கூடுதலாகக் கொடுத்தால் பிரீஎக்ளாம்ப்சியா என்னும் ரத்த அழுத்த நோயும் குறைமாதப் பிரசவமும் குறையுமா என்பதில் அமைப்புகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் அனைவருக்கும் தர வேண்டியதில்லை என்றது. எண்டோகிரைன் சொசைட்டி 2024இல் தரலாம் என்றது. எனவே உங்கள் மருத்துவர் ஒன்று சொல்ல, தோழியின் மருத்துவர் வேறொன்று சொன்னால், இருவரில் ஒருவர் தவறு என்று முடிவு கட்ட வேண்டாம்.

இனி அந்த 60,000. மருந்துக் கடைகளில் சிறு பொட்டலப் பொடியாகவும் மென்குளிகையாகவும் கிடைக்கும் இது, வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் என்று கொடுக்கப்படுவது. கர்ப்பம் இல்லாதவர்க்கு இது சாதாரண மருந்துச் சீட்டு, கர்ப்பிணிக்கு அப்படியல்ல. வாரம் ஒன்று என்றாலே நாளுக்கு ஏறக்குறைய 8,570 யூனிட் ஆகி மேல் எல்லையைக் கடந்துவிடுவதால், கடுமையான குறைபாட்டில், மகப்பேறு மருத்துவர் உங்கள் கர்ப்பத்தை அறிந்தே எழுதிய சீட்டில் மட்டும் அதற்கு இடமுண்டு. அத்தகைய சீட்டு கையில் வந்தால், எந்தக் கிழமை, மொத்தம் எத்தனை வாரம் என்ற இரண்டையும் கேட்டுச் சீட்டிலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாமியாருக்கு முழங்கால் வலிக்கு வாங்கி மீந்த பொட்டலத்தைப் பாலில் கலந்து குடிப்பது வேண்டவே வேண்டாம். 6,00,000 யூனிட் கொண்ட ஊசியையும் கர்ப்ப காலத்தில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

அளவு மீறி மாதக்கணக்கில் சென்றால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், சோர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் பாதிக்கு மேல் கர்ப்பத்துக்கே உரியவை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஆறாம், ஏழாம் மாதத்தில் மீண்டும் தலைகாட்டும் வாந்தியை மசக்கை என்று ஒதுக்கிவிடாமல், எடுத்துவரும் மாத்திரைகள் அனைத்தையும் பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீரகக் கல், ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் மிகைச் செயல்பாடு, சார்காய்டோசிஸ் என்னும் அழற்சி நோய் ஆகியவை உள்ளவர்கள் சிறிய அளவைக் கூடக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ‘கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி.’ என்றும், அதன் கீழே ‘தனிமக் கால்சியம் 500 மி.கி.க்குச் சமம்’ என்ற பொருளில் ஒரு வரியும் ஆங்கிலத்தில் இருக்கும். முதல் எண் கால்சியம் உப்பின் மொத்த எடை, இரண்டாவது அதில் உள்ள கால்சியம் மட்டும்; கணக்கில் எடுக்க வேண்டியது 500 மட்டுமே. அடுத்த வரியில் கோலிகால்சிஃபெரால் என்றோ வைட்டமின் டி3 என்றோ போட்டு எதிரே 250 அல்லது 500 என்று ஓர் எண் இருக்கும். இதே வரியை உங்களிடம் உள்ள பல்சத்து மாத்திரையிலும், கர்ப்பிணிகளுக்கான சத்து மாவு டப்பாவிலும் தேடுங்கள். ஒரு தாளில் ஒவ்வொன்றையும் நாளுக்கு எத்தனை என்று பெருக்கி எழுதிக் கூட்டினால், உண்மையில் எவ்வளவு உள்ளே போகிறது என்பது தெரிந்துவிடும். அந்தத் தாளையே அடுத்த பரிசோதனைக்கு எடுத்துச் செல்வது, ‘ஏதோ வெள்ளை மாத்திரை, ஏதோ சிவப்பு மாத்திரை’ என்று சொல்வதைவிடப் பயனுள்ளது.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. ஆகவே வெறும் வயிற்றில் போடாமல், எண்ணெயோ நெய்யோ சேர்ந்த உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ள வேண்டும். கால்சியம் கார்பனேட்டும் உணவோடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். சிக்கல் மற்ற மாத்திரைகளில் இருக்கிறது. கால்சியம் இரும்புச் சத்து உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களோ, அதற்கும் கால்சியம், இரும்பு இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். மூன்றும் உள்ள ஒருவர் காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, மதியம் 1 மணிக்குச் சாப்பாட்டுக்குப் பின் முதல் கால்சியம், மாலை 5 மணிக்கு எலுமிச்சைச் சாற்றுடன் இரும்புச் சத்து, இரவு 8 மணிக்குச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டாவது கால்சியம் என்று வைத்துக்கொண்டால் எதுவும் எதையும் கெடுக்காது. மாலைக் காபியை மட்டும் இரும்பு மாத்திரையிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லாவற்றையும்விடக் கடினமான நிபந்தனை இதுவாகத்தான் இருக்கும்.

வெயிலும் உணவும்

காலை இளவெயில்தான் வைட்டமின் டி தரும் என்பது பரவலான நம்பிக்கை. சூரியன் சாய்ந்திருக்கும் வேளையில் ‘பி’ வகைக் கதிர்கள் காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். சென்னையின் அட்சரேகைக்கு அருகிலுள்ள திருப்பதியில் நடந்த ஆய்வுகள், காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில்தான் தோலில் இச்சத்து நன்கு உருவாகிறது என்று காட்டின. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வேளை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். முழங்கை வரை கைகளிலும் முகத்திலும் வெயில் படும்படி மொட்டை மாடியில் சிறிது நேரம் இருப்பது மார்கழி, தை மாதங்களில் எளிது. சித்திரை, வைகாசியில் கர்ப்பிணியை அந்நேரத்தில் மாடிக்கு அனுப்புவது அறிவுடைமை ஆகாது. உடல் வெப்பம் கூடுவதும் நீரிழப்பும் கருவுக்கு நல்லதல்ல. அந்த மாதங்களில் மாத்திரையையே நம்புங்கள்.

உணவிலிருந்து வருவது கொஞ்சமே. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறக்குறைய 40 யூனிட் இருக்கும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மீன்களில் இதைவிடக் கூடுதலாக உண்டு. வாரத்தில் இரண்டு நாள் குழம்பு வைத்தால் பயன் தெரியும். சைவ உணவு உண்பவர்கள், எஃப் எழுத்தும் கூட்டல் குறியும் கொண்ட நீல முத்திரை உள்ள செறிவூட்டப்பட்ட பாலையும் சமையல் எண்ணெயையும் பார்த்து வாங்கலாம். மீன் எண்ணெய் மாத்திரை வாங்கும்போது அது காட் மீனின் ஈரல் எண்ணெயா என்று பாருங்கள். அதில் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ அதிகம் இருப்பதால் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது அளவு மீறினால் கருவில் உறுப்புக் குறைபாடு வரக்கூடும்.

மருந்து தொடங்கியவர்களுக்கு மறுபரிசோதனை தேவைப்பட்டால் இரண்டு, மூன்று மாதங்கள் கழித்துச் செய்தால் போதும். அதற்கு முன் செய்தால் எண் இன்னும் ஒரு நிலைக்கு வந்திருக்காது.

பிரசவத்துக்குப் பின் தாய் மாத்திரையைத் தொடரும்போதே குழந்தைக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலில் மற்ற சத்துகள் பெரும்பாலும் இருந்தாலும் வைட்டமின் டி மிகக் குறைவு என்பதால், பிறந்த சில நாட்களிலிருந்து முதல் பிறந்தநாள் வரை நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து தரும்படி குழந்தை மருத்துவர்கள் கூறுகிறார்கள். கடைகளில் ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 800 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு. பாட்டில் தீர்ந்து புதிது வாங்கும் ஒவ்வொரு முறையும் எண்ணைப் பாருங்கள்: முதலாவதில் 1 மில்லி, இரண்டாவதில் அரை மில்லி. அந்தந்தப் பாட்டிலோடு வரும் உறிஞ்சு குழாயை மட்டும் பயன்படுத்துங்கள். ஒன்றின் குழாயை இன்னொன்றில் போட்டால் கோடுகள் பொருந்தாது.