மாகாண சபைத் தேர்தல்: புள்ளடி ஆசனமாக மாறும் கணக்கு

இலங்கையின் மாகாண சபைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களிப்பவரைப் பெரும்பாலும் குழப்புவது விருப்பு வாக்குதான், அதாவது ஒரு கட்சியின் வேட்பாளர்களில் தாம் விரும்புவோருக்கு அளிக்கும் வாக்கு. ஒரு கட்சிக்கு எத்தனை ஆசனங்கள் என்பதை விருப்பு வாக்கு தீர்மானிப்பதில்லை. அந்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. 2017 இல், தொகுதிவாரித் தெரிவையும் விகிதாசாரத்தையும் இணைக்கும் கலப்பு முறைக்கான திருத்தச் சட்டம் நிறைவேறினாலும், தொகுதிகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 இல் நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டதால் அம்முறையில் தேர்தல் நடத்த இயலாமற்போனது. எனவே, 2013 செப்டம்பர் 21 அன்று வட மாகாணத்தில் நடந்த தேர்தலில் நடைமுறையில் இருந்த, வாக்குகளின் விகிதப்படி ஆசனங்களைப் பகிரும் விகிதாசார முறையையே இங்கு விளக்குகிறேன்.

படி 1: கட்சிக்குப் புள்ளடி

வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் இருப்பதில்லை. கட்சிகள், சுயேச்சைக் குழுக்கள் ஆகியவற்றின் பெயர்களும் சின்னங்களும், கீழே வேட்பாளர்களைக் குறிக்கும் விருப்பு இலக்கங்களும் மட்டுமே இருக்கும். முதலில் ஒரே ஒரு சின்னத்துக்கு எதிரே புள்ளடி (X அடையாளம்) இட வேண்டும். இதை விட்டுவிட்டு இலக்கங்களில் மட்டும் அடையாளமிட்டால் வாக்கு முழுவதும் நிராகரிக்கப்படும்.

படி 2: விருப்பு வாக்கு

அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரை தெரிந்து, அவர்களுடைய இலக்கங்களின் மீது புள்ளடி இடலாம். ஜனாதிபதித் தேர்தலைப் போல 1, 2, 3 என வரிசைப்படுத்த வேண்டியதில்லை. மூன்றுக்கும் ஒரே மதிப்புத்தான். விருப்பு வாக்கே அளிக்காவிட்டாலும் கட்சிக்கான வாக்கு செல்லுபடியாகும்.

படி 3: ஆசனக் கணக்கு

யாழ்ப்பாண மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆசனங்கள் 16; செல்லுபடியான வாக்குகள் 2,53,542. இவற்றில் 5 சதவீதத்தை எட்டாத கட்சிகளும் குழுக்களும் முதலில் கழிக்கப்படும். வீட்டுச் சின்னத்தில் போட்டியிட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2,13,907 வாக்குகளையும், வெற்றிலைச் சின்னத்தில் போட்டியிட்ட ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 35,995 வாக்குகளையும் பெற்றதால், அவ்விரண்டு மட்டுமே எஞ்சின. இரண்டின் கூட்டுத்தொகையான 2,49,902ஐ 16 ஆல் வகுத்து, வரும் பின்னத்தை அடுத்த முழு எண்ணாக்கினால் 15,619 கிடைக்கும். ஓர் ஆசனத்தின் விலை இதுதான்.

இந்த எண்ணால் வகுக்கும்போது வீட்டுக்கு 13 ஆசனங்களும் 10,860 மீதி வாக்குகளும், வெற்றிலைக்கு 2 ஆசனங்களும் 4,757 மீதி வாக்குகளும் வருகின்றன. பதினாறாவது ஆசனம் மீதி அதிகமுள்ள தரப்பைச் சேரும் என்பதால், முடிவு 14க்கு 2 என அமைந்தது.

படி 4: பட்டியலுக்குள் போட்டி

ஒவ்வொரு பட்டியலிலும் ஆசனங்களைவிட மூவர் கூடுதலாக, அதாவது யாழ்ப்பாணத்தில் 19 பேர் நிறுத்தப்பட்டனர். ஆகவே, 14 ஆசனங்களை வென்ற கட்சியிலும் ஐவர் தோற்றே ஆக வேண்டும். சொந்தக் கட்சிக்காரர்களே ஒருவரையொருவர் முந்த முயல்வதை வளர்ப்பது இம்முறையின் பெருங்குறை என்பேன். அதிக விருப்பு வாக்குகள் பெற்றவர்களே வரிசைப்படி தெரிவாவர். அத்தேர்தலில் 1,32,255 விருப்பு வாக்குகளுடன் முதலிடம் பெற்ற சி.வி. விக்னேஸ்வரன் பின்னர் முதலமைச்சரானார்.

படி 5: போனஸ் ஆசனங்கள்

மாகாணம் முழுவதிலும் கூடுதல் வாக்குகள் பெற்ற தரப்புக்கு இரண்டு போனஸ் ஆசனங்கள் வழங்கப்படும். வடக்கில் ஐந்து மாவட்டங்களிலும் வென்ற 28 ஆசனங்களோடு இவையும் சேர, 38 பேர் கொண்ட சபையில் கூட்டமைப்பின் பலம் 30 ஆனது.